மகளின் பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போகிறோம். லக்கேஜ் கட்டணத்தை எப்படித் தவிர்ப்பது?

மன்னார்குடியிலிருந்து கேட்டிருப்பவரின் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: மகளுக்குச் சிங்கப்பூரில் பிரசவம். கணவனும் மனைவியும் திருச்சியிலிருந்து போகிறார்கள். டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று இணையத்தில் எடுத்துவிட்டார்கள். பிறகுதான் அதில் செக்-இன் லக்கேஜ் இல்லை, கையில் கொண்டுபோகும் பை மட்டுமே உண்டு என்று தெரிந்திருக்கிறது. வீட்டில் பிரசவ மருந்து, பொடி வகைகள், வடகம், அரிசி, ஒரு குத்துவிளக்கு என்று 35 கிலோ அளவுக்குச் சேர்ந்துவிட்டது. மைத்துனர், "ஆளுக்கு இரண்டு பையாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்" என்கிறார். கட்டணம் கட்டாமல் போக வழி உண்டா? பேரக்குழந்தையோடு மகள் திரும்பி வரும்போது குழந்தைக்கும் லக்கேஜ் உண்டா?

கட்டணத்தைத் தவிர்ப்பது எப்படி என்று கேட்டிருந்தாலும், உண்மையில் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டு விஷயங்கள் என்று நினைக்கிறேன். காசு கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் எப்போது கட்டினால் குறைவு என்பது ஒன்று. இந்த 35 கிலோவில் எது அந்தக் காசுக்குத் தகும் என்பது மற்றொன்று. திருச்சி விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான்; இப்போது கும்பகோணத்தில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் வேலை. அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன். சுங்கச் சட்டம் என் தொழில் இல்லை. அதில் ஐயமறத் தெரிந்த சிலவற்றை மட்டும் தொட்டுச் செல்கிறேன்.

முதலில் மைத்துனரின் யோசனையை ஓரமாக வையுங்கள். திருச்சியிலிருந்து கிளம்பும் குறைந்த கட்டண விமானங்களில் கைப்பையையும் தராசில் வைக்கச் சொல்வது சர்வசாதாரணம். எடை சரியாக இருந்தால்தான் கைப்பைக்கான அட்டையைக் கட்டுவார்கள். கவுண்டரில் தப்பினாலும், விமானம் ஏறும் வாயிலில் இன்னொருவர் சின்னத் தராசோடு நிற்கலாம். அங்கே மாட்டினால் தொகையும் கூடுதல், கூட்டத்துக்கு நடுவே தர்மசங்கடம் வேறு. பல நாள் யாரும் கேட்காமல் விட்டதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது அன்றைக்கு விமானம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, வரிசை எவ்வளவு நீளம், கவுண்டரில் யார் என்பதைப் பொறுத்தது. அறுபது வயதில் முதல்முறை விமானம் ஏறப் போகிறவர்கள் அந்தச் சீட்டாட்டத்தில் உட்கார வேண்டாம்.

கைப்பை அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. இதை எழுதும்போதைய நிலவரப்படி ஸ்கூட் எகானமி வகுப்பில் ஆளுக்கு 10 கிலோ. பெரிய பை ஒன்று, சிறிய பை ஒன்று, இரண்டும் சேர்ந்துதான் அந்த 10. ஏர் ஏசியாவில் அதே மாதிரி இரண்டும் சேர்ந்து 7 கிலோ. இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஆகியவற்றில் 7 கிலோ. சிங்கப்பூருக்கு நீங்கள் எந்த விமானத்தில் எடுத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அதனால் முதல் வேலை, டிக்கெட்டைத் திறந்து உங்கள் பெயருக்கு நேரே 'கேபின்', 'செக்-இன்' என்று இருக்கும் இரண்டு வரிகளையும் படிப்பது. டிக்கெட் விற்கும் இணையதளங்களில் இந்த வரி கண்ணில் படாத மூலையில் இருக்கும். விலை மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

இப்படி லக்கேஜைத் தனியாகப் பிரித்து விற்பது எங்கிருந்து வந்தது என்று சிலர் கோபமாகக் கேட்பதால் இரண்டு வரி. ஐரோப்பாவில் ரயன்ஏர் போன்ற குறைந்த கட்டண நிறுவனங்கள் 2006இல் இதைத் தொடங்கின. 2008இல் எண்ணெய் விலை உச்சத்துக்குப் போனபோது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பைக்கே 15 டாலர் என்று அறிவித்தது, மற்றவை பின்தொடர்ந்தன. எண்ணெய் விலை இறங்கியது, கட்டணம் இறங்கவில்லை. அமெரிக்காவில் உள்நாட்டு டிக்கெட் விலைக்கு 7.5 சதவீத வரி உண்டு, பைக் கட்டணத்துக்கு அது இல்லை. நிறுவனங்களுக்கு இதில் ருசி கண்டுபோனதற்கு அதுவும் ஒரு காரணம். பைகள் இலவசம் என்பதையே விளம்பரமாக வைத்திருந்த சவுத்வெஸ்ட்கூட 2025 மே மாதத்தில் வழிக்கு வந்துவிட்டது. நம் நாட்டில் செக்-இன் பை இல்லாத மலிவு டிக்கெட்டை விற்க விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2021இல் அனுமதி கொடுத்தது. அதற்கு முன் 2016இல் அதே இயக்குநரகம், உள்நாட்டு விமானங்களில் 15 கிலோவுக்கு மேல் 20 கிலோ வரை கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று கட்டுப்படுத்திப் பார்த்தது. 2017இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆகவே கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் "இவ்வளவு வாங்க உங்களுக்கு உரிமை உண்டா" என்று சண்டை போடுவதில் பயன் இல்லை. உரிமை உண்டு. விலையை வைப்பதும் அவர் இல்லை.

இப்போது உங்களுக்கு வேண்டிய விஷயம். லக்கேஜுக்கு நீங்கள் கொடுக்கும் விலை, எடையைவிட, எப்போது சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டிக்கெட் எடுக்கும்போதே சேர்த்து வாங்கினால் மிகக் குறைவு. டிக்கெட் எடுத்த பிறகு, பயணத்துக்கு முன் சேர்த்தால் கொஞ்சம் கூடுதல். விமான நிலையத்தில் தராசு காட்டிய பிறகு வாங்கினால் கிலோக் கணக்கில் போட்டு வாங்குவார்கள். ரூபாய்க் கணக்கு வழித்தடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுகிறது, அதனால் இன்றைய தொகையை எழுதி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. ஆனால் இந்த மூன்று படிகளின் வரிசை மாறி நான் பார்த்ததில்லை. கவுண்டரில் ஒரு கிலோவுக்கு 600 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 20 கிலோ அதிகத்துக்கு 12,000 ரூபாய். பல நேரங்களில் அது டிக்கெட் விலையையே எட்டிப் பிடித்துவிடும். அதே 20 கிலோவை இரண்டு வாரம் முன்பு இணையத்தில் தொகுப்பாக வாங்கினால் அதில் ஒரு பகுதிதான் ஆகும்.

நீங்கள் முதல் படியைத் தாண்டிவிட்டீர்கள். இரண்டாவது படி இன்னும் திறந்திருக்கிறது. டிக்கெட்டை எந்த இணையதளத்தில் எடுத்திருந்தாலும் சரி, ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தாலும் சரி, பி.என்.ஆர் என்னும் ஆறெழுத்துக் குறியீட்டையும் பயணியின் கடைசிப் பெயரையும் கொடுத்தால் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே முன்பதிவு திறக்கும். பெரும்பாலும் அங்கிருந்தே லக்கேஜ் சேர்க்கலாம். நம் ஊர்க்காரர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் வரும்: கடைசிப் பெயர் என்பது நமக்கு இல்லை. பாஸ்போர்ட்டில் தந்தை பெயரோ கணவர் பெயரோ எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, டிக்கெட்டில் எப்படி அச்சாகியிருக்கிறதோ, அதையே அச்சுப் பிசகாமல் அடிக்க வேண்டும். அதிலும் திறக்கவில்லையென்றால் ஏஜென்ட்டைப் பிடியுங்கள். இன்னொன்று: சில நிறுவனங்களில் இணையத்தில் செக்-இன் முடித்து போர்டிங் பாஸ் எடுத்துவிட்டால் அதன் பிறகு எடை சேர்க்க முடியாது. விமானம் கிளம்ப சில மணி நேரம் இருக்கும்போதே அந்தக் கதவும் மூடிவிடும். எனவே முதலில் லக்கேஜ், அப்புறம் செக்-இன்.

எவ்வளவு வாங்குவது? பொதுவாக 15, 20, 25, 30, 40 கிலோ என்று தொகுப்பாக விற்கிறார்கள். ஆளுக்கு ஒரு 20 வாங்குவதைவிட ஒருவர் பெயரில் ஒரே 30 வாங்குவது அநேகமாக மலிவாக இருக்கும். இரண்டையும் கூடையில் போட்டுப் பாருங்கள், தொகையைக் கண்ணால் பார்த்த பிறகு முடிவெடுங்கள். ஆனால் இதில் ஒரு நிபந்தனை: இருவரும் ஒரே பி.என்.ஆரில் இருக்க வேண்டும். ஒரே முன்பதிவில் இருப்பவர்களின் எடையைச் சேர்த்துப் பார்ப்பதைப் பல நிறுவனங்கள் ஏற்கின்றன, தனித்தனி பி.என்.ஆர் என்றால் கணவனும் மனைவியுமாகவே இருந்தாலும் கணினிக்கு நீங்கள் அந்நியர்கள். இரண்டு டிக்கெட்டை இரண்டு நாளில் எடுத்தவர்கள் கவுண்டரில் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு எல்லை உலகம் முழுக்கப் பொது: ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. அது காசு விஷயமே அல்ல, பெட்டியைத் தூக்கும் தொழிலாளியின் இடுப்பு சம்பந்தப்பட்டது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் 33 கிலோப் பெட்டியை இரண்டாகப் பிரிக்கச் சொல்வார்கள்.

அடுத்தது பெட்டி. சக்கரம் வைத்த கெட்டி சூட்கேஸ், பெரிய அளவு என்றால் வெறுமையாகவே நான்கு, ஐந்து கிலோ இருக்கும். 30 கிலோ வாங்கி அதில் ஐந்தைப் பிளாஸ்டிக்குக்குக் கொடுப்பது எனக்கு என்றும் மனம் ஒப்பாத விஷயம். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து போய் வருகிறவர்கள். அவர்கள் பெட்டி கட்டுவதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் தடித்த அட்டைப்பெட்டி, நான்கு ஓரத்திலும் மடித்த துணி, நடுவில் கனமான பொருள், மேலே டேப் சுற்றி, பெயரையும் ஊரையும் கைப்பேசி எண்ணையும் மார்க்கரால் மூன்று பக்கமும் எழுதுவார்கள். பெட்டியின் எடை ஒரு கிலோ சொச்சம். ஆனால் அதன் மேல் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கன்வேயரில் கயிறு மாட்டிக்கொள்ளும். துபாய் விமான நிலையம் 2017இல், தட்டையான பக்கம் இல்லாத மூட்டைகளை ஏற்பதில்லை என்றே விதி போட்டது. அந்த வழியாகப் போகும் உறவினர்களுக்கும் சொல்லுங்கள்.

எடையை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். கொக்கியில் மாட்டித் தூக்கும் சிறிய டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இல்லையென்றால் ஆள் ஏறி நிற்கும் எடை இயந்திரத்தில் பெட்டியைச் சுமந்து ஒரு முறை, சுமக்காமல் ஒரு முறை நின்று கழித்துக்கொள்ளுங்கள். மன்னார்குடியில் நெல் மண்டிக்குப் போனால் அவ்வளவுகூட வேண்டாம், அவர்களுடைய தராசு நம்முடையதைவிடக் கறார். வாங்கிய அளவுக்கு ஒரு கிலோ குறைவாகவே நிறுத்துங்கள். தராசுக்குத் தராசு கொஞ்சம் வித்தியாசம் காட்டும். கவுண்டரில் பெட்டியை ஏற்றுவதற்கு முன் எண் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பெட்டி சுவரிலோ பக்கத்துப் பெட்டியிலோ சாய்ந்திருந்தாலும், நீங்கள் பரபரப்பில் கையை ஊன்றியிருந்தாலும், எண் மாறும். ஐயம் இருந்தால் அடுத்த கவுண்டரில் ஒருமுறை வைத்துப் பார்க்கலாமா என்று பணிவாகக் கேளுங்கள். அது நியாயமான வேண்டுகோள். நான் இருந்த காலத்தில் யாரும் மறுத்ததில்லை.

வழியனுப்ப வருகிறவர்களை உடனே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பயணி அல்லாதவர் உள்ளே வர முடியாது. உள்ளே போன பயணியும் நினைத்தபோது வெளியே வந்துவிட முடியாது, வாயிலில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் இருக்கிறார்கள், விமான நிறுவன ஊழியர் யாராவது துணைக்கு வர வேண்டியிருக்கும். ஆனாலும் நான்கு கிலோ அரிசியை எடுத்துவிட வேண்டும் என்று வந்தால், வாங்கிக்கொள்ள வெளியே ஒருவர் இருப்பதும் இல்லாததும் பெரிய வித்தியாசம். கவுண்டருக்கு முன்னால் பெட்டியைப் பிரித்துப் பரப்பிய குடும்பங்களை எண்ணி மாளாது. ஒருமுறை ஒரு பெரியவர், வேட்டியில் சுற்றியிருந்த நாச்சியார்கோவில் விளக்கைப் பாகம் பாகமாகக் கழற்றி, அடிப்பீடத்தை மனைவியின் கைப்பையிலும் தண்டைத் தன் தோள்பையிலும் மாற்றினார். எடைக் கணக்கு சரியாக வந்தது. பாதுகாப்புச் சோதனையில் அந்தப் பித்தளைத் தண்டைக் கையில் விடவில்லை. தடி போல் அடிக்கக்கூடிய கனமான எதுவும் கையோடு போவது சோதனை அதிகாரியின் முடிவு. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். உங்கள் குத்துவிளக்கை முழுதாகக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் துணி சுற்றிச் செக்-இன் பெட்டியின் நடுவில் வையுங்கள். கனம் கூடினாலும் அது காசு கொடுத்தாவது கொண்டுபோகத் தகும்.

அரிசி விஷயம் வேறு. சிங்கப்பூர் செராங்கூன் சாலையில், தேக்கா மார்க்கெட்டில், முஸ்தபாவில் பொன்னி அரிசியும் உளுந்தும் மிளகாய்த்தூளும் நம் ஊரில் கிடைப்பது போலவே கிடைக்கின்றன. கிலோ 80 ரூபாய் அரிசிக்குக் கிலோவுக்கு அதைவிடப் பல மடங்கு லக்கேஜ் கட்டணம் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. மாப்பிள்ளை சம்பா, கருப்புக்கவுனி போன்றவற்றைக் குழந்தைபெற்ற பெண்ணுக்குக் கஞ்சி வைக்க என்று கொண்டுபோனால் இரண்டு கிலோ போதும். சுக்கு, திப்பிலி, கண்டந்திப்பிலி சேர்த்து வீட்டில் கிளறிய லேகியம், அம்மா கையால் போட்ட வடகம், கறிவேப்பிலைப் பொடி, கும்பகோணத்தில் வறுத்து அரைத்த காப்பித்தூள் ஆகியவைதான் பெட்டியில் முதலில் ஏற வேண்டியவை. எடை குறைவு, அங்கே அதே கைப்பக்குவம் கிடைக்காது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கு அரிசி கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு சொல்: கப்ரா வண்டு என்ற தானியப் பூச்சிக்குப் பயந்து, இந்தியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவருவதை அந்நாடு தடுக்கிறது. காசு கட்டிக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட வேண்டியிருக்கும்.

லேகியமும் நெய்யும் ஊறுகாயும் கைப்பையில் வேண்டாம். பன்னாட்டு விமானத்தில் திரவமும் குழைவான பொருளும் ஒரு டப்பா 100 மில்லிக்கு மேல் கையில் போகாது. லேகியத்தை அதிகாரி குழைவு என்றுதான் பார்ப்பார். எல்லாம் செக்-இன்னில், இரட்டை உறையில். கைப்பையில் போக வேண்டியவை வேறு: தினசரி மாத்திரை, மருத்துவர் சீட்டு, நகை, பணம், பாஸ்போர்ட், கைப்பேசி, பவர் பேங்க். பவர் பேங்க்கைச் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. பெட்டியை ஊடுகதிரில் பார்த்துவிட்டுப் பயணியைத் தேடி அழைப்பதில் பெரும்பகுதி இதற்காகத்தான். கொப்பரையையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள காய்ந்த தேங்காய் தீப்பற்றும் என்பதால் அதற்குத் தடை.

லக்கேஜ் கட்டணத்தோடு இது சேராது, என்றாலும் பிரசவ வீட்டுக்குப் போகிறவர்களிடம் சொல்லாமல் விட முடியவில்லை. கசகசா கொண்டுபோகாதீர்கள். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் பொருள். குருமாவுக்கு அரைத்து வைத்த மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் அதுவே. வெற்றிலை பாக்குப் பழக்கம் உள்ளவர்கள் புகையிலையைப் பையில் வைக்க வேண்டாம், வாயில் மெல்லும் புகையிலைக்குச் சிங்கப்பூரில் தடை. அடுத்தவர் பெட்டியை உங்கள் பெயரில் போடவும் கூடாது. எடை மீதி இருப்பதைப் பார்த்து, வரிசையில் நிற்கும் ஒருவர் "அண்ணே, ஒரு சின்ன பார்சல்தான், அங்கே என் தம்பி வந்து வாங்கிக்கொள்வான்" என்று கெஞ்சுவார். நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உங்கள் பெயர்ச் சீட்டு ஒட்டிய பெட்டிக்குள் என்ன இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், அதுவும் போதைப்பொருளுக்குத் தூக்குத் தண்டனை உள்ள நாட்டில். திருச்சி விமான நிலையத்தில் 'குருவிகள்' எனப்படும், கூலிக்குப் பொருள் கடத்துபவர்கள் தங்கத்தோடு பிடிபடும் செய்தியைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஊர்க்காரர், சொந்தக்காரர் என்றாலும் பிரித்துப் பார்க்காத பொட்டலத்தை வாங்காதீர்கள்.

அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது, மலிவு டிக்கெட்டின் விலையோடு வேண்டிய லக்கேஜின் விலையைக் கூட்டி, அந்தத் தொகையை முழுச்சேவை விமானத்தோடு ஒப்பிடுங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், திருச்சியிலிருந்து கொழும்பு வழியாக ஶ்ரீலங்கன் போன்றவற்றில் டிக்கெட்டுக்குள்ளேயே செக்-இன் எடை அடங்கியிருக்கும். ஆளுக்கு 25, 30 கிலோ தேவைப்படும் பயணத்தில் அவை சில நேரம் மலிவாகவே முடியும். கைப்பையோடு போய் நான்கு நாளில் திரும்புகிறவருக்கு மலிவு டிக்கெட்டை அடிக்க ஆள் இல்லை. வளைகுடா வழித்தடங்களில் தொழிலாளர்களுக்காகப் பெரிய எடையை டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுப்பது வெகுகாலப் பழக்கம். அங்கும் இப்போது பையில்லா டிக்கெட் நுழைந்துவிட்டதால் 'எப்போதும் போல்' என்று எண்ணி எடுத்துவிடாதீர்கள். மாணவர்களுக்குச் சில நிறுவனங்கள் கூடுதல் எடை தருகின்றன. ஆனால் முன்பதிவின்போதே மாணவர் கட்டணத்தைத் தேர்வு செய்திருக்க வேண்டும், கவுண்டரில் அடையாள அட்டையை நீட்டினால் நடக்காது.

சென்னை போய் அங்கிருந்து பன்னாட்டு விமானம் பிடிக்கிறவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. திருச்சி–சென்னை உள்நாட்டு விமானத்தைத் தனி டிக்கெட்டாக எடுத்தால் அதற்கு வழக்கமான 15 கிலோதான், சிலவற்றில் அதுவும் ஒரே பையாக இருக்க வேண்டும். அடுத்த விமானத்தில் உங்களுக்கு 46 கிலோ இருந்தாலும் இங்கே 31 கிலோவுக்குக் காசு. இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பொதுவாகப் பன்னாட்டு அளவே முழுப் பயணத்துக்கும் பொருந்தும். அப்படிக் கிடைக்கவில்லையா, ரயிலில் போங்கள். உழவன் எக்ஸ்பிரஸில் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ இரவு ஏறினால் விடிவதற்குள் சென்னை. ஸ்லீப்பர் வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ இலவசம், இரண்டடுக்கு ஏசியில் 50 கிலோ. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்தால் திரிசூலம் நிலையத்துக்கு எதிரேயே விமான நிலையம்; பெட்டி நிறைய இருந்தால் டாக்சி. டெல்டாக்காரனுக்கு இதைவிட மலிவான லக்கேஜ் வழி இன்றுவரை இல்லை.

அமெரிக்கா, கனடா போகிறவர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே மொத்த எடை கிடையாது, பை எண்ணிக்கைதான். ஒவ்வொரு பையும் 23 கிலோ. ஒன்று 25, இன்னொன்று 15 என்றால் கூட்டுத்தொகை சரியாக இருந்தாலும் 25 கிலோப் பைக்கு அபராதம் உண்டு. இரண்டு பை இலவசம் என்று நாம் பழகியிருந்தோம், இப்போது விலை குறைந்த வகை டிக்கெட்டில் ஒன்றுதான் என்று சில நிறுவனங்கள் மாற்றிவிட்டன. அமெரிக்கா போய்வரும் ஒரே டிக்கெட்டில் பல நிறுவனங்கள் இருந்தால், முதல் விமானத்துக்கான லக்கேஜ் விதியே பயணம் முழுக்கப் பொருந்த வேண்டும் என்பது அந்நாட்டு அரசின் விதி. நடுவில் உள்ள உள்நாட்டு விமானத்துக்குத் தனிக் கட்டணம் கேட்டால் இதைச் சொல்லி வாதாடலாம்.

காசு கட்டிய பெட்டி காணாமல் போனால் என்று பலர் கேட்பார்கள். கட்டணம் கட்டியதால் கூடுதல் இழப்பீடு எதுவும் இல்லை. இந்தியாவும் சிங்கப்பூரும் ஏற்றிருக்கும் 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, பன்னாட்டுப் பயணத்தில் லக்கேஜுக்கு ஒரு பயணிக்கான பொறுப்பு வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர்; எஸ்.டி.ஆர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. இது உச்சவரம்பு, எல்லோருக்கும் கிடைக்கும் தொகை என்று எண்ண வேண்டாம். பொருளின் மதிப்பைக் காட்ட வேண்டும். பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே அங்குள்ள மேசையில் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். உடைந்து வந்திருந்தால் ஏழு நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்துப் புகார் போக வேண்டும். பெட்டியை மூடும் முன் உள்ளே இருப்பதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் அப்போது கை கொடுக்கும்.

உங்கள் 35 கிலோவுக்கு என் கணக்கு இது. அரிசியிலும் பருப்பிலும் ஒரு பத்துக் கிலோவைக் குறைத்தால் 25 நிற்கும். கையில் ஆளுக்கு 7 கிலோ என்றே வைத்துக்கொண்டாலும் உடையும் மாத்திரையும் பொடி வகையில் கொஞ்சமும் அதில் அடங்கும். செக்-இன்னில் ஒருவர் பெயரில் ஒரே 20 கிலோ போதும். மனம் கேட்கவில்லையென்றால் 25. அதை இந்த வாரமே சேர்த்துவிடுங்கள். திரும்பி வரும் பயணத்துக்கு இப்போதே வாங்க வேண்டாம். போகும்போது நிறைந்திருக்கும் பெட்டி வரும்போது காலியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், பேரக்குழந்தைக்கு வந்த பரிசுப் பொருளைப் பார்த்த பிறகு எண்ணம் மாறும். கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது அங்கிருந்தே சேர்த்துக்கொள்ளலாம்.

குழந்தையைப் பற்றிக் கேட்டதற்கு: இரண்டு வயதுக்கு உட்பட்டு, தனி இருக்கை இல்லாமல் மடியில் வரும் குழந்தைக்குக் குறைந்த கட்டண விமானங்களில் பெரும்பாலும் செக்-இன் எடை கிடையாது. முழுச்சேவை நிறுவனங்களில் ஓரளவு கொடுப்பது உண்டு. ஆனால் மடக்கும் தள்ளுவண்டியைக் கட்டணமில்லாமல் ஏற்றிக்கொள்வது அநேகமாக எல்லா விமானத்திலும் வழக்கம், விமான வாயில் வரை தள்ளிக்கொண்டும் போகலாம். பால், வெந்நீர், குழந்தை உணவு ஆகியவற்றுக்கு அந்த 100 மில்லிக் கட்டுப்பாடும் இல்லை, பயணத்துக்குத் தேவையான அளவு கையில் வைத்துக்கொள்ளலாம். மகள் டிக்கெட் எடுக்கும்போது குழந்தையைப் பிறகு சேர்க்கலாம் என்று விடாமல், பாஸ்போர்ட் வந்ததும் அதே பி.என்.ஆரில் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.